கழுத்தில்லாத பூ

அலுவலகத்தில் அவருக்கு லென்ஸ் என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ் இருக்கும். காய்கறிக் கடையிலும் அதை எடுத்துவிடுவார். வெண்டைக்காயின் காம்பில் இருக்கும் மயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் பின்னால் நிற்பவரிடம், "நீங்க முன்னால வாங்க. அவரு பொண்ணு பாத்து முடிக்க நேரமாகும்" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து வழி விடுவார். லென்ஸ் கண்ணிலேயே இருக்கும்.

வேலை, செடிகளை வரைவது. அதற்கு முன்னால் கடைப் பலகைகளில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். ஹெர்பேரியத்தில் இரும்பு அலமாரிகளுக்கு எண் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அழுத்திக் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. நாப்தலீன் வாசனை. யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். ஒரு மதிய இடைவேளையில் சும்மா இருக்க முடியாமல், மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்து ஒரு செடியை வரைந்தார். அப்போதைய தலைவர் வந்து, படத்தில் இருந்த இலையின் பற்களை எண்ணினார். பிறகு தாளில் இருந்த இலையின் பற்களை எண்ணினார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அலமாரி வேலை அத்தோடு நின்றது. இன்றைக்கும் இரண்டாவது வரிசைக்கு அப்பால் அலமாரிகளில் எண் கிடையாது.

மாடியில் வடக்கு ஜன்னல் அவருடையது. அந்தப் பக்கம் வெயில் விழாது. நாள் முழுவதும் ஒரே வெளிச்சம். சாய்வுப் பலகை, மைக்ரோஸ்கோப், இரண்டு இடுக்கிகள், மைப்புட்டி, உலர்ந்த பூவை ஊறவைத்துக் கொதிக்கவிட ஒரு சின்ன மின் அடுப்பு. அந்த அடுப்பில் தேநீர் போடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதியவர் அவர்தான். எழுத்து அழகாக இருக்கும். தேநீரும் அதில்தான் போடுவார்.

அவர் வரைவதற்குப் பக்கத்தில் வர வேண்டிய விளக்கத்தை எழுதுகிறவர் டாக்டர். செடி ஆராய்ச்சியில் பட்டம் வாங்கிய பெண்மணி. வாசல் காவலாளி ஒருமுறை அவரிடம் முதுகுவலிக்கு மருந்து கேட்டார். "உங்களுக்கு வேர் இருந்தா சொல்லுங்க, பாக்கறேன்" என்றார் டாக்டர். லென்ஸைவிடப் பத்து வயது சின்னவர். சாதாரணமாக "லென்ஸண்ணே" என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் "சார்" என்பார்.

இருவருக்குள்ளும் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் எழுதுவதை அவர் முன்கூட்டிப் படிக்கக் கூடாது. அவர் வரைவதை டாக்டர் பாதியில் எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்வார்கள். டாக்டர் வரி வரியாக வாசிப்பார். அவர் பென்சில் முனையால் படத்தில் அந்தந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஒத்துப்பார்ப்பது என்று அதற்குப் பெயர். "படிச்சிட்டுப் பாத்தா படிச்சதுதான் கண்ணுக்குத் தெரியும்" என்பார் டாக்டர்.

டாக்டருடைய செடி மஞ்சமுள். ஊரார் வாயில் மஞ்சமுள், புத்தகத்தில் பெர்பெரிஸ். ஆளுயரப் புதர். தண்டைச் சீவினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். இலையாக வந்திருக்க வேண்டியவை முள்ளாகி மூன்று மூன்றாகக் காவல் நிற்கும். மஞ்சள் பூ. பூச்சியின் கால் பட்டால் மகரந்தக் காம்பு சட்டென்று மடங்கி அதன்மேல் பொடியைப் பூசிவிடும். உலகத்தில் சில நூறு இனங்கள் உண்டு. எது தனி இனம், எது பக்கத்து இனத்தின் சாயல் என்பதில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முழுதாக ஒத்துப்போவது அபூர்வம். இதே வம்சத்தில் தண்டில் முள்ளில்லாமல், ஒரே காம்பில் பல இலைகளோடு ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைத் தனிக்குடித்தனம் வைப்பதா, கூட்டுக் குடும்பத்தில் சேர்ப்பதா என்று நெடுநாள் வழக்கு. டாக்டர் கூட்டுக் குடும்பக் கட்சி. "வாசல்ல கோலம் வேறயா இருந்தா என்ன, உள்ள ஒரே அடுப்பு. பூவைப் பிரிச்சுப் பாருங்க" என்பார்.

ஊருக்கு மேலே ஒரு ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே ஒரு மலை, மேற்கே ஒரு மலை. இரண்டிலும் மஞ்சமுள் இருந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு. மேற்கு மலைச் செடியின் இலையோரம் ரம்பம்போல இருக்கும். காய் சிவப்பு, நுனி மொட்டை. கிழக்கு மலைச் செடியின் இலையோரம் வழவழப்பு. காயின்மேல் நீலப் பொடி பூசியதுபோல் இருக்கும். நுனியில் ஒரு குட்டைக் கழுத்து, கழுத்தின்மேல் சின்னத் தட்டு. ஒன்று ஆற்றைத் தாண்டி மற்றதன் பக்கம் போனதில்லை என்று டாக்டர் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். அதற்கு வரைபடம் போட்டவர் லென்ஸ். கிழக்கே கறுப்புப் புள்ளிகள், மேற்கே வெள்ளை வட்டங்கள், நடுவில் ஆறு.

போன பூக்காலத்தில் இருவரும் மேற்கு மலைக்குப் போய், ஒரு சரிவில் பூத்திருந்த புதரில் கிளைகள் வெட்டினார்கள். காய்க்கும்போது அதே புதருக்குத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒரு கிளையில் சிவப்புத் துணி கட்டினார்கள். எல்லாப் புதருக்கும் செய்வதுதான். காய்க்காலம் வந்தபோது டாக்டர் காலில் கட்டுப் போட்டிருந்தார். அலுவலக மாடிப்படியில் வழுக்கிவிட்டார். அதனால் லென்ஸ் தனியாகப் போய்க் காய் வெட்டிக்கொண்டு வந்தார். வண்டி ஓட்டியது அலுவலக ஓட்டுநர். அவர் லென்ஸின் மனைவிக்குத் தம்பி.

காயைப் பார்த்த டாக்டர் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நின்றுவிட்டார். பூவோடு வெட்டிய கிளையில் இருந்தது மேற்கு மலை இலை. காயில் நீலப் பொடி, குட்டைக் கழுத்து. அப்படி ஒரு சேர்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அலமாரிகளில் தேடினார். வேறு ஊர்களுக்கு எழுதிக் கேட்டார். இல்லை என்றே பதில் வந்தது. புதிய இனம்.

"உங்க பேர்தான் வைக்கப்போறேன் லென்ஸண்ணே" என்றார் ஒரு நாள், தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது.

"எனக்கு எதுக்கு?"

"காய் வெட்டுனது நீங்க. படம் போடறது நீங்க. நான் வெறும் வாய்."

அவர் தேநீரைக் குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தது. அன்றைக்கு அது தெரியவில்லை.

வீட்டில் சொன்னார். மனைவிக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மருந்துக் கடைக்கு மேலே ஒரு நீள அறை. மேசைமேல் வரிசையாக ஊராருடைய வாய்கள் அச்சில் இருக்கும். மெழுகில் ஈறு செய்து பல் பதிப்பார். பேருந்தில் முன்பின் தெரியாத யாராவது சிரித்தால், "கீழ்வரிசை நம்மளுது" என்று கணவரின் காதில் சொல்வார்.

"உங்க பேரா? முள்ளுக்கா?" என்றார்.

தம்பி அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க அக்கா. ஒரு உபயோகமும் இல்ல, கிட்டப் போனா குத்தும்."

"காய் திங்கலாம் மாப்ளே."

"புளிக்கும் மாமா. நான் தின்னு பாத்தேன்."

"இத்தனை வருஷமா இந்த ஊரு வாயையெல்லாம் நான் அடைச்சிருக்கேன்" என்றார் மனைவி. "ஒரு கடவாப்பல்லுக்குக்கூட என் பேரு வைக்கல. சரி, நம்ம வீட்டுல ஒருத்தர் பேராவது நிக்கட்டும்." கிண்டல்தான். ஆனால் அன்றைக்குக் கணவருக்கு இன்னொரு கரண்டி போட்டார். மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் தெருவில் நிறுத்திக் கை கொடுத்தார். எந்தச் செடி, எந்த நோய்க்கு என்று கேட்டார்.

லென்ஸ் வழக்கத்தை மீறியது அந்த வாரத்தில்தான். டாக்டர் எழுதி முடித்த விளக்கம் மேசைமேல் கிடந்தது. தலைப்பில் பெர்பெரிஸ் என்று இருந்தது. அதற்கடுத்த சொல் அவருடைய பெயர், கடைசியில் லத்தீனுக்காக ஒரு எழுத்து சேர்ந்து. தன் பெயரை அந்தக் கோலத்தில் அவர் பார்த்ததில்லை. அதை மட்டும் பார்க்கத்தான் குனிந்தார். கண் கீழே இறங்கிவிட்டது. காய்: நீள்வட்டம், நீலப் பொடி படிந்தது, தெளிவான கழுத்துடையது. பூவின் சூலகத்துக்கு எதிரே இடம் காலியாக விட்டிருந்தது. பூவைப் பிரித்து வரைவது அவர் வேலை; அவர் படத்திலிருந்து அளவெடுத்துத்தான் டாக்டர் அந்த வரியை நிரப்புவார்.

அன்று மாலை கழிவுத்தாள் ஒன்றில் பழைய கடைப்பலகை எழுத்தில், நிழல் வைத்து, அந்தப் பெயரை எழுதிப் பார்த்தார். நன்றாக இருந்தது. கிழித்துக் கூடையில் போட்டார்.

படம் ஏறத்தாழ முடிந்திருந்தது. கிளை, முள், இலை, தொங்கும் பூச்சரம், தொங்கும் காய்ச்சரம். மீதி இருந்தது பூவின் உள்பக்கம் மட்டும்தான். ஒரு காலை நேரத்தில் உலர்ந்த பூ ஒன்றை எடுத்துக் கொதிநீரில் போட்டார். அது மெதுவாக மெத்தென்று ஆனது. மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து இடுக்கியால் பிரித்தார். ஆறு இதழ். ஆறு மகரந்தக் காம்பு. நடுவில் சூலகம், சின்னப் புட்டிபோல. புட்டிக்குக் கழுத்து இல்லை. தட்டு நேராகப் புட்டியின் வாயில் உட்கார்ந்திருந்தது.

பூ அடிபட்டிருக்கும் என்று நினைத்தார். இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் இல்லை. மொட்டு ஒன்றைப் பிரித்தார். வாடி, சூல் பருக்கத் தொடங்கியிருந்த பூ ஒன்றையும் பிரித்தார். எதிலும் கழுத்து இல்லை.

காயை எடுத்து லென்ஸில் பார்த்தார். கழுத்து இருந்தது. யாரும் மறுக்க முடியாதபடி இருந்தது.

பூவில் இல்லாத கழுத்து காயில் முளைக்காது. சூலகம்தான் பருத்துக் காயாகிறது. பருக்கும்போது புதிதாக எதுவும் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. இந்தப் பூவும் இந்தக் காயும் ஒரே புதரில் இருந்து வந்தவை அல்ல.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கீழே மச்சான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். காய்க்காலத்தில் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். மூடுபனி. இலையெல்லாம் உதிர்ந்து, புதருக்குப் புதர் முள்ளாகப் பின்னிக் கிடந்தது. சிவப்புத் துணியைப் பார்த்ததும் நிம்மதி. துணிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டிய இடத்தில் காய் இல்லை. மச்சான் கீழ்ப்பக்கமாகப் போய்க் குடைக்கம்பியால் ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்து, "இதுல நிறைய இருக்கு மாமா, சீக்கிரம், கை மரத்துப்போச்சு" என்று கத்தினார். இவர் வெட்டினார். கிளை எந்த அடித்தண்டிலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. செடி வெட்டப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டாக்டரும் பூவைப் பிரித்துப் பார்க்கவில்லை. அது லென்ஸ் பார்ப்பார் என்ற நம்பிக்கை. இனி வேறு யாராவது பார்ப்பார்களா? அந்த இனத்துக்கு இருப்பது ஒரே தாள். பூக்கள் கொஞ்சம்தான் மீதி. அலமாரிக்குள் போய்விட்டால் இன்னொருவர் அதைக் கொதிநீரில் போட ஒரு தலைமுறை ஆகலாம்.

உட்கார்ந்தார். பென்சிலால் சூலகத்தை வரைந்தார். அதன்மேல் மெல்லிசாக இரண்டு சின்னக் கோடு போட்டார். கோட்டின்மேல் தட்டை வைத்தார். கழுத்து வந்துவிட்டது. மிக இயல்பாக இருந்தது. காயோடு பொருந்தியது, எழுதியிருந்ததோடும் பொருந்தியது. மை போடவில்லை. தாளின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, சாயங்காலம் வழக்கமான பேருந்தில் வீட்டுக்குப் போனார்.

மனைவி தட்டு வைத்தார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "என்ன, பல்லு வலியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப வேற என்னமோ. ஒரே பக்கமா மெல்லறீங்க."

சொன்னார். பூ, காய், கழுத்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க பட்டறையில ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு" என்றார். "மேல்செட்டு ஒரு வாத்தியாருக்கு. கீழ்செட்டு ஒரு தையல்காரருக்கு. மாத்தி ஒரே டப்பாவுல போட்டுக் குடுத்துட்டேன். அந்த வாத்தியார் நல்ல மனுஷன். கொஞ்ச நாள் போட்டுட்டே பாடம் நடத்தியிருக்காரு. பசங்க, சார் எப்பவும் சிரிச்சிட்டே இருக்காருன்னு சந்தோஷமா இருந்தாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மெல்ல முடியல. வந்துட்டாரு. வாயின்னா தெரிஞ்சிடும். உங்க செடிக்கு அந்த வசதி இல்ல, அது யாரையும் கடிக்காது."

"யாருக்கும் தெரியாது."

"கோடு போட்டாச்சா?"

"பென்சில்ல."

மனைவி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "நான் சொல்ல ஒண்ணும் இல்ல. மருந்துக் கடைக்காரர்கிட்ட நான் பாத்துக்கறேன். ஆனா நீங்க நாளைக்கும் இப்படி ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்தீங்கன்னா, எதிர்ல உக்காந்து அந்த மூஞ்சியப் பாக்க வேண்டியது நானு."

மறுநாள் பென்சில் கோட்டை அழித்தார். தாள் நல்ல தாள், தடம் தெரியவில்லை. கழுத்தில்லாத சூலகத்துக்கு மை போட்டார். நிழலுக்குப் புள்ளி வைத்தார். காய்ந்ததும் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசித்தார். தண்டு: வரிப்பள்ளம் உடையது. லென்ஸ் தொட்டுக் காட்டினார். முள்: மூன்றாகப் பிரிந்தது. தொட்டார். இலையோரம், பூச்சரம், இதழ். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். சூலகத்துக்கு டாக்டர் படத்தின்மேல் குனிந்து அளவுகோலை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"கழுத்து எங்க?"

"இல்ல."

"எத்தனை பூ பிரிச்சீங்க?"

"ஒரு மொட்டையும் சேத்து நாலு."

டாக்டர் தானே ஒரு பூவை எடுத்துக் கொதிக்கவிட்டார். அது மெத்தென்று ஆகும்வரை அடுப்பருகிலேயே நின்றார். பிரித்துப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

"காய் எந்தக் கிளையில வெட்டுனீங்க, சார்?"

சொன்னார். மூடுபனியையும் குடைக்கம்பியையும் விடாமல் சொன்னார். விளக்கத்தைப் படித்துவிட்டதையும் சொன்னார்.

"அதை வேற படிச்சீங்களா?"

"பேரு இருந்துச்சு. பாத்துட்டேன்."

டாக்டர் வெளியே போனார். தாழ்வாரத்தில் அவருடைய செருப்புச் சத்தம் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது, மறுபடி போனது. லென்ஸ் மின் அடுப்பை அணைத்தார். பிறகு யோசித்து, மறுபடி போட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். டாக்டர் வாசலில் வந்து நின்றார்.

"நான் ஒரு பூவை அப்பவே பிரிச்சுப் பாத்திருக்கணும். உங்க தலையில கட்டிட்டுச் சும்மா இருந்துட்டேன்."

லென்ஸ் தேநீரை ஊற்றினார்.

"அந்தக் காய் இன்னும் புதர்ல காஞ்சு தொங்கிட்டிருக்கும். உங்க மச்சானை வண்டியெடுக்கச் சொல்லுங்க லென்ஸண்ணே."

அண்ணே திரும்பி வந்துவிட்டதை அவர் கவனித்தார்.

மேற்கு மலையில் அன்றைக்குப் பனி இல்லை. சரிவு முழுவதும் இலையற்ற முள். சிவப்புத் துணி வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. டாக்டர் மண்டியிட்டுத் துணி கட்டிய கிளையைக் கையால் பிடித்துக்கொண்டே அடிவரை போனார். அடியில் அதற்கு ஒரு தண்டு. அதற்கு ஒரு முழம் கீழே, சரிவில், இன்னொரு தண்டு. இரண்டும் மேலே போய் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் நின்றன. லென்ஸ் மேல்புதரின் உச்சியில் வற்றித் தொங்கிய ஒரே காயைப் பறித்துப் பார்த்தார். மொட்டை நுனி. கீழ்ப்புதரில் காய்கள் கொத்தாக இருந்தன. எல்லாவற்றிலும் கழுத்து.

"கீழ இருக்கறது கிழக்கு மலைச் செடி" என்றார் டாக்டர். "சந்தேகமே இல்ல."

மச்சான் குடையோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தார். "அப்ப நான் தூக்கிப் பிடிச்சது..."

"ஆமா மாப்ளே."

"மாமா பேரு போனது என் கையாலயா? அக்கா சோறு போடாதே."

"குடைக்கம்பியால" என்றார் லென்ஸ். "சொல்லிடலாம், குடை மேலதான் தப்புன்னு."

டாக்டர் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் சரிவில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்த கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. பாறையைப் பிடித்துப் பிடித்துப் போனார். மேலேயிருந்து குரல் வந்தது.

"இங்க வாங்க! ரெண்டு பேரும் வாங்க!"

போனார்கள். முகட்டை ஒட்டிய பள்ளத்தில் கிழக்கு மலைப் புதர்கள் கூட்டமாக நின்றன. காய்களில் நீலம் வெளுத்திருந்தாலும் தெரிந்தது. மணிக்கட்டு கனமுள்ள தண்டுகள், பட்டை வெடித்து, பாசி படிந்து. டாக்டர் ஒன்றைக் கத்தியால் லேசாகச் சீவினார். மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

"பறவை தின்னு போட்டுப் போன விதையில வந்தது இல்ல இது" என்றார். "யாரும் கொண்டுவந்து நட்டதும் இல்ல. இவ்வளவு மேல வந்து யாரு நடுவா? இது இந்த மலைக்காரங்க. எப்பவோ இருந்து இங்கயே இருக்காங்க. ஆத்தைத் தாண்டலன்னு நான் அச்சுல போட்டுட்டேன் பாருங்க." தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அந்த மேப்பை அப்படியே மாத்தணும். கீழ எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு பாக்கணும். அடுத்த மலையிலயும் இருக்கலாம். லென்ஸண்ணே, இது புது இனத்தைவிட எனக்கு..." சொல்லை முடிக்காமல் அடுத்த புதருக்குப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து, நினைவு வந்தவராகத் திரும்பிப் பார்த்தார். "உங்க பேரு..."

"விடுங்க டாக்டர். இல்லாத செடிக்குப் பேரு எதுக்கு?"

"அடுத்து ஏதாவது வந்தா..."

"அடுத்து வந்தா முதல்ல பூவைப் பிரிப்போம்."

அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. கழிவுத்தாளில் எழுதிப் பார்த்த எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது கீழே இறங்கிவந்து, பலகையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்த இரண்டு புதர்கள். ஒரே படத்தில் இரண்டையும் பின்னிய நிலையில் போட வேண்டும், எந்தக் கிளை யாருடையது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும், ஆனால் பிரித்துக் காட்டியதுபோல் இருக்கக் கூடாது. இப்படி ஒரு வேலை அவருக்கு இதுவரை வந்ததில்லை. மேல்புதரை எங்கே தொடங்குவது என்று யோசித்தார். அடியிலிருந்து தொடங்கினார். வெட்டி எடுக்க வேண்டிய கிளைகளை ஒவ்வொன்றாக அடிவரை தடவிப் பார்த்துவிட்டு வெட்டினார். அதனால் கையெல்லாம் முள். மச்சான் வண்டிக்குள் போய்த் தூங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மனைவி அவர் கையைப் பார்த்துவிட்டு, பட்டறைப் பையிலிருந்து கூர் இடுக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"திட்டுனாங்களா?"

"ஒரே ஒரு சார்."

"பேரு?"

"போச்சு."

மனைவி ஒரு முள்ளை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பல் பதிக்கும் கை, வலி தெரியவில்லை. அவருக்குப் பசித்தது. வரப்போகும் படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்: இரண்டு புதர், நடுவில் கோடு கிடையாது, மைக்கு மெல்லிய முனை வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். மனைவி உம் கொட்டிக்கொண்டே துணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எது மேல்புதர், எது கீழ்ப்புதர்?"

அவர் குனிந்து பார்த்தார். "முள்ளை வச்சுச் சொல்ல முடியாது. அதுல ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் குத்தியிருக்காங்க" என்று மனைவி அடுத்த விரலைப் பிடித்தார். "நேரா உக்காருங்க. இது ஆழமாப் போயிருக்கு."